பாரம் எங்கே நிற்கிறது?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, உங்கள் குட்டி யானையின் முன்பட்டையை (லீஃப் ஸ்பிரிங்கை)ப் பற்றி நிதானமாகப் பேசுவோம். பாகூர் ஏரிப் பாசனத்து நெல்லையும் கரும்பையும் ஏற்றி வில்லியனூர் வரை ஓடும் வண்டிகளுக்குப் பட்டை உடைவது புதிதில்லை. ஆனால் ஒரு போல்ட்டைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: பாரம் இப்போது எங்கே நிற்கிறது?

குட்டி யானை என்று நாம் சொல்லும், 2005-இல் வந்த டாடா ஏஸில் முன்பக்கமும் பட்டைதான். நடுவில் தடித்து, முனைகளில் மெலிந்த பாரபாலிக் பட்டை. அதன் ஒரு முனை சேஸிஸில் நிலையாக நிற்கும், மறுமுனை சாக்கிளில் ஆடும். பாரம் ஏறியதும் வளைவு நிமிர்ந்து பட்டை நீளும். அந்த நீளத்துக்கு இடம் விடுவதுதான் சாக்கிளின் வேலை.

சென்டர் போல்ட் பட்டைகளைக் கோத்து வைக்கிறது, ஆக்ஸில் உட்கார வேண்டிய இடத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். இறுக்கிப் பிடிப்பது யு போல்ட். அது தளர்ந்தால் அசையாமல் இருக்க வேண்டிய நடுப்பகுதியும் வளையத் தொடங்கும். அங்கேதான் சென்டர் போல்ட்டின் துளை இருக்கிறது. விரிசல் அந்த இடத்தில் பிடிக்கும். ஆகவே துளையோடு முறிந்த பட்டையைப் பார்த்தால் ஓவர்லோடு என்று முடிவு கட்டிவிடாமல், முதலில் யு போல்ட்டைச் சந்தேகப்படுங்கள்.

லோடு வண்டிக்கு மட்டுமே உரியது பட்டை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் செவ்ரோலே கார்வெட் பந்தயச் சாலைகளில் பேர் வாங்கிய கார். 1984-இல் வந்த கார்வெட்டில் முன்பக்கம் ஒரே பட்டை குறுக்காகப் படுத்திருக்கும். இரும்பில் அல்ல, கண்ணாடி நாரும் பிசினும் சேர்த்து வார்த்தது. 1981-இலேயே பின்பக்கம் இப்படி மாற்றியபோது, இருபது கிலோவை நெருங்கிய இரும்புப் பட்டையின் இடத்தில் நாலு கிலோவுக்கும் குறைவான பட்டை உட்கார்ந்தது. 2019 வரை அந்தக் கார் பட்டையை விடவில்லை.

அதை மாற்றுவதில்தான் ஆபத்து. காரைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டாலும் பட்டை வளைந்தபடியே சக்கரத்தின் கீழ்க் கன்ட்ரோல் ஆர்மை அழுத்திக்கொண்டிருக்கும். அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் பால் ஜாயின்ட்டைப் பிரித்தால், அடங்கியிருந்த விசை மொத்தமும் ஆள் மேல் பாயும். ஜாக்கியை அந்தப் பட்டையில் முட்டுக் கொடுக்கவும் கூடாது, நார் பிளந்துவிடும்.

உங்கள் வண்டிக்கும் அதே எச்சரிக்கை வேண்டும். சமதரையில் நிறுத்திப் பின்சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள். சேஸிஸைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள்; ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஆக்ஸிலை இன்னொரு ஜாக்கியில் தாங்கி, பட்டையிலிருந்து பாரம் இறங்கிய பிறகே யு போல்ட்டை அவிழ்க்க வேண்டும். ஒரு பக்கம் உடைந்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்; இல்லையென்றால் வண்டி சாய்ந்து நிற்கும். இழுபட்டுப்போன பழைய யு போல்ட்டைத் திரும்பப் போட வேண்டாம். புதியதைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

பட்டைக் கண்ணில் ரப்பர் புஷ் இருந்தால், அங்குள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நின்ற பிறகே முழுக்க இறுக்க வேண்டும். தொங்கலில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

கடைசியாக டேப்பை எடுத்து, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். அளவு ஒத்துப்போனால் ஆக்ஸில் தன் இடத்தில் இருக்கிறது. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டை மறுபடி இறுக்கிவிடுங்கள். புதுப் பட்டையின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்தப் பத்து நிமிட வேலைதான்.