நிலம் நடுங்கும்போது – 7: ஈர்க்குச்சிக் கட்டடங்கள்

சென்ற வாரம் மாணவர்களை வரிசையாக நிறுத்தி, ஒருவர் தோளில் ஒருவர் கைவைக்கச் சொல்லி, முதன்மை அலையையும் இரண்டாம் அலையையும் உடம்பாலேயே கடத்திப் பார்த்தோம். வரிசையின் கடைசியில் நின்ற பையன் கலையும்போது கேட்டான்: "எங்கிட்ட வர்றப்போ ரொம்ப லேசாத்தான் சார் இருந்துச்சு. அப்போ தூரத்துல இருக்கிற ஊருக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக அவனுக்கு மெக்சிகோ நகரத்தின் கதையைச் சொன்னேன்.

1985 செப்டம்பர் 19, காலை 7.17 மணி. பசிபிக் கரையோரம் மிச்சோவகான் பகுதியில் ஏறத்தாழ 8 அளவுள்ள நிலநடுக்கம். தலைநகரம் அங்கிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஆனாலும் அந்த நகரத்தில் ஏறத்தாழ 400 கட்டடங்கள் விழுந்தன; ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதிகம் விழுந்தவை 6 முதல் 15 மாடி வரை உள்ளவை. அவற்றுக்கு நடுவே தாழ்ந்த வீடுகள் பல தப்பின. 1956இல் கட்டி முடித்த 44 மாடி லத்தீனோஅமெரிக்கானா கோபுரமும் நின்றது.

"உயரமானதுதானே சார் முதல்ல விழணும்?" என்றது வகுப்பு முழுவதும். கரும்பலகையில் விளக்கம் எழுதாமல், விளக்குமாற்றிலிருந்து மூன்று ஈர்க்குச்சிகளை உருவினேன்.

ஒன்று ஒரு சாண், அடுத்தது ஒன்றரைச் சாண், மூன்றாவது இரண்டு சாண். ஒவ்வொன்றின் நுனியிலும் அரைநெல்லிக்காய் அளவு களிமண். ரீப்பர் கட்டையில் துளையிட்டு மூன்றையும் நட்டு, கட்டைக்கு அடியில் உருண்டைப் பென்சில்களைப் போட்டால் நிலம் தயார். கட்டையை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டினால் நெட்டைக்குச்சி பேயாடுகிறது; மற்ற இரண்டும் சும்மா நிற்கின்றன. கொஞ்சம் வேகம் கூட்டினால் நடுக்குச்சி ஆடத் தொடங்குகிறது, நெட்டையின் தலை அடங்குகிறது. இன்னும் வேகம் கூட்டினால் குட்டையின் முறை. எல்லாரும் கைமாற்றிக் கைமாற்றி ஆட்டினார்கள். இதைக் காணொளியில் காட்டியிருக்கலாம். ஆனால் அந்த வேகம் சரியாகப் பொருந்தும் கணத்தில் கைக்கு உழைப்பே இல்லாமல் போவதை எந்தத் திரையும் காட்டாது. ஊஞ்சலை வரும் நேரம் பார்த்துத் தள்ளிய கைக்கு அது உடனே புரிகிறது.

ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனக்கென்று ஓர் ஆட்ட நேரம் உண்டு. மாடிகளின் எண்ணிக்கையைப் பத்தால் வகுத்தால், ஒருமுறை போய்த் திரும்ப எத்தனை விநாடி என்று தோராயமாகக் கிடைக்கும். பத்து மாடிக்கு 1 விநாடி. ஆனால் மெக்சிகோ நகரத்தின் தரை ஆடியது 2 விநாடிக்கு ஒருமுறை. கணக்குப் பொருந்தவில்லையே என்று ஒரு மாணவி பிடித்துக்கொண்டாள். இந்த இடத்தைத்தான் பாடநூல்கள் அவசரமாகக் கடந்துவிடுகின்றன. முதல் சில குலுக்கல்களில் விரிசல் விட்ட கட்டடம் தளர்கிறது. தளர்ந்ததும் அதன் ஆட்டம் நிதானமாகிறது. 1 விநாடி ஒன்றரையாகி, 2 விநாடியை நோக்கிப் போகிறது. அடிபட்ட கட்டடம் தானாகவே தரையின் தாளத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

தரைக்கு அந்த 2 விநாடி எங்கிருந்து வந்தது? டெக்ஸ்கோகோ ஏரியிலிருந்து. அஸ்டெக்குகள் அந்த ஏரித் தீவில் நகரம் அமைத்தார்கள். பின்னால் ஸ்பானியர்கள் ஏரியை வற்ற வைத்தார்கள். நீர் போனாலும் நீரூறிய களிமண் அடியில் தங்கிவிட்டது. இதைக் காட்ட ஒரு மாணவி வீட்டிலிருந்து தட்டு நிறையக் கடல்பாசி செய்து கொண்டுவந்தாள். தட்டின் விளிம்பை ஒருமுறை தட்டினோம். தட்டு உடனே நின்றது. மேலே இருந்த கடல்பாசி நிற்காமல் தளும்பிக்கொண்டே இருந்தது. மெக்சிகோவிலும் அதுதான்: அதே நகரத்தின் பாறைப் பகுதியைவிட ஏரிப்படுகையில் குலுக்கல் ஏறத்தாழ 5 மடங்கு. (சோதனை முடிந்ததும் கடல்பாசி எங்கே போனது என்று சொல்ல வேண்டியதில்லை.)

நம் ஊர்களுக்கு நெருக்கமான இன்னொரு பாடம் 2001 ஜனவரி 26. கட்ச் நிலநடுக்கத்தில், இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் பல அடுக்குமாடிகள் நொறுங்கின. அவற்றில் பல, தரைத்தளத்தை வாகனம் நிறுத்தத் தூண்களோடு மட்டும் விட்டவை. மேல்தளங்களில் செங்கல் சுவர்கள் இருப்பதால் அவை விறைப்பாக ஒன்றாக நகர, வளைவதெல்லாம் கீழ்த்தூண்களின் பங்காகிறது. நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான ஐ.எஸ். 1893 விதி, 2002இல் திருத்தப்பட்டபோது, இத்தகைய தளத்தின் தூண்களை 2.5 மடங்கு விசைக்கு வடிவமைக்கலாம், அல்லது தாங்குசுவர் எழுப்பலாம் என்று சொன்னது. சென்னையை நிலநடுக்க வரைபடத்தின் இரண்டாம் மண்டலத்திலிருந்து, ஆபத்து கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியதும் அதே திருத்தம்தான். விதி தாளில் இருக்கிறது; வீடு வாங்கும்போது அதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு என்பது என் வருத்தம்.

சோப்புப் பெட்டிகளை அடுக்கி ஒட்டி, நான்கு ஈர்க்குச்சிக் கால்களில் நிறுத்தி ஆட்டினோம். பெட்டிகள் கலையவில்லை, கால்கள் மட்டும் மடங்கின. "எங்க அபார்ட்மெண்ட்டும் கீழே பார்க்கிங்தான் சார்" என்றாள் கணக்குப் பிடித்த அந்தப் பெண். பயமுறுத்தக் கூடாது என்று, பார்க்கிங் குற்றமில்லை, தூணும் சுவரும் எப்படி என்பதுதான் கேள்வி என்றேன். அவள் அதற்குள் நூல்கண்டை எடுத்து, வண்டி நுழையும் பக்கத்தையும் அதற்கு எதிர்ப்பக்கத்தையும் விட்டுவிட்டு, மற்ற இரு பக்கக் கால்களுக்கும் பெருக்கல் குறி போல நூல் கட்டினாள். ஆட்டினோம்; பெட்டி அசையாமல் நின்றது. கட்டையின் மேல் பெட்டியைக் குறுக்காகத் திருப்பி வைத்து அவளே மறுபடி ஆட்டினாள். பழையபடி சாய்ந்தது.

"இந்தப் பக்கம் கட்டினா வண்டி எப்படி சார் உள்ள போகும்?"

மணி அடித்தது. நான்கு பேர் எழுந்திருக்கவில்லை. ஒருவன் தடிமனான குச்சி தேடி விளக்குமாற்றைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

(தொடரும்)