டாட்ஜ்பால்: அடி வாங்கினால் அவுட்... திரும்ப உள்ளே வர வழி இருக்கா?

வீக்கெண்டுக்கு டர்ஃப் புக் பண்ணியாச்சு. வந்தது பன்னிரண்டு பேர்தான், அதில் பாதிப் பேருக்கு கிரிக்கெட்டே ஆகாது. இப்படி ஒரு கூட்டத்துக்கு ஏற்ற ஆட்டம்தான் டாட்ஜ்பால். எறியணும், விலகணும், பிடிக்கணும். அவ்வளவுதான்.

2004-ல் வந்த ஹாலிவுட் காமெடிப் படம் 'டாட்ஜ்பால்' மூலம் பலருக்கு இந்தப் பெயர் பழக்கம். ஆனால், திருநகர் பக்கம் தெருவில் வளர்ந்தவர்களுக்கு ஆட்டம் புதுசு இல்லை. நம்ம ஊர் 'பேய்ப்பந்து' இதற்கு நெருங்கிய சொந்தம். அதில் அணியே கிடையாது. பந்து யார் கையில் சிக்குதோ, அவர் யார் மேல் வேண்டுமானாலும் எறியலாம். ஏழு கல்லை அடுக்கி ஆடும் ஆட்டத்திலும் இதே எறிதல் உண்டு. வடக்கே அதற்கு 'பிட்டு' என்று பெயர், கர்நாடகாவில் 'லகோரி'.

அடிப்படை விதிகள் என்ன?

அணிக்கு 6 பேர். நடுவில் ஒரு கோடு, அதன்மேல் பந்துகள். விசில் அடித்ததும் இரு பக்கமும் ஓடிவந்து பந்தை எடுக்க வேண்டும்.

* எறிந்த பந்து தரையில் படாமல் நேராக உங்கள் மேல் பட்டால், நீங்கள் அவுட்.
* அதே பந்தை கேட்ச் பிடித்துவிட்டால், எறிந்தவர் அவுட். கூடவே, உங்கள் அணியில் முதலில் வெளியேறியவர் உள்ளே வரலாம்.
* கையில் இருக்கும் பந்தால் தடுக்கலாம். தடுக்கும்போது அது நழுவி விழுந்தால் அவுட்.
* நடுக்கோட்டைத் தாண்டினாலும் அவுட்.

எதிரணி மொத்தமும் காலியானால் வெற்றி. சர்வதேசப் போட்டிகளில் ஃபோம் பந்து, துணிப் பந்து என இரண்டு பிரிவுகள் இருக்கின்றன.

ஜப்பானில் எப்படி?

அங்கே இது பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டம். 1991 முதல் தனிச் சங்கமே இருக்கிறது. ஒரே ஒரு பந்து, அணிக்கு 12 பேர், 5 நிமிடம். அடி வாங்கியவர் பெஞ்சில் போய் உட்கார மாட்டார். எதிரணிக் கட்டத்துக்கு வெளியே நின்று, அங்கிருந்து பந்து எறிவார். யாரையாவது அடித்துவிட்டால் மீண்டும் உள்ளே. முகத்தில் பட்டால் அவுட் கிடையாது. நேரம் முடியும்போது யார் கட்டத்துக்குள் அதிகம் பேர் இருக்கிறார்களோ, அவர்களுக்கே வெற்றி.

'டாக்டர்' விதி

அணியில் ஒருவர் ரகசிய டாக்டர். அடி வாங்கியவர்கள் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும், டாக்டர் வந்து தொட்டால் எழுந்து ஆடலாம். டாக்டர் யார் என்று எதிரணி கண்டுபிடித்து அடித்துவிட்டால், அதன்பிறகு காப்பாற்ற ஆள் இல்லை.

எதற்கு இத்தனை மாற்றம்?

அவுட்டானால் வெளியே என்ற விதியில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஓடத் தெரியாத பிள்ளைதான் முதலில் அடி வாங்கும். விளையாட்டுப் பயிற்சி யாருக்கு அதிகம் தேவையோ, அவரே அதிக நேரம் ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். அமெரிக்க உடற்கல்வியாளர்கள் அமைப்பான 'ஷேப் அமெரிக்கா' பள்ளி உடற்கல்வி வகுப்புக்கு டாட்ஜ்பால் பொருந்தாது என்கிறது. 2019-ல் வான்கூவரில் நடந்த மாநாட்டில் ஜாய் பட்லர் உள்ளிட்ட கனடா ஆய்வாளர்கள், பலவீனமானவர்களைக் குறிவைக்க இந்த ஆட்டம் பழக்குகிறது என்று வாதிட்டார்கள்.

ஆட்டத்தையே நிறுத்தணுமா, விதியை மாற்றினால் போதுமா என்பது தனி விவாதம். ஆனால் ஜப்பான் முறையிலும் டாக்டர் விதியிலும் அடி வாங்கியவருக்குத் திரும்ப ஒரு வழி இருக்கிறது. பேய்ப்பந்தில் இன்னும் சுலபம்: முதுகில் வாங்கினீர்களா, அடுத்த பந்தைத் துரத்துங்க.

ஆடப் போறீங்களா?

டென்னிஸ் பந்து வேண்டாம், ஸ்பாஞ்ச் பந்து போதும். கண்ணாடி போட்டவர்கள் கழற்றி வைத்துவிடலாம். தோளுக்கு மேல் எறிந்தால் எறிந்தவரே அவுட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்ச் பிடித்தால் எத்தனை பேர் உள்ளே வரலாம், உடையில் உரசினால் அவுட்டா என்பதையும் விசிலுக்கு முன்னாடியே பேசி முடிச்சிடுங்க. இல்லைன்னா ஒரு மணி நேர டர்ஃபில் அரை மணி நேரம் பஞ்சாயத்துலயே போயிடும்.