மொட்டை மாடியில் மின் நிலையம்!

கரன்ட் போனால் என்ன செய்வீர்கள், குட்டீஸ்? மெழுகுவர்த்தியைத் தேடுவீர்கள். பக்கத்து வீட்டிலும் இருட்டுதானா என்று எட்டிப் பார்ப்பீர்கள். அரை மணி நேரத்தில் வந்துவிட்டால் சரி. வராவிட்டால்?

2018 நவம்பர் 16ம் தேதி அதிகாலை, கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. டெல்டா மாவட்டங்களில் மின் கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. அப்படி ஒரு நாள் வந்தாலும் நம் வீட்டில் விளக்கு எரிய வேண்டும். அதற்குத் திட்டம் போடுவோமா?

'எங்கள் மாடியில்தான் சோலார் பேனல் இருக்கிறதே!' என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். பேட்டரி இல்லாமல், தெரு மின் கம்பியோடு இணைத்த சோலார் என்றால், ஊரில் கரன்ட் போனதும் அதுவும் தானாக நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் சரி! ஏன் தெரியுமா? அறுந்த கம்பியைச் சரி செய்ய மின் ஊழியர் கம்பத்தில் ஏறியிருப்பார். அந்த நேரம் உங்கள் மாடியிலிருந்து கரன்ட் பாய்ந்தால், அவர் உயிருக்கே ஆபத்து. ஆகவே, நம் திட்டத்தில் பேட்டரி கட்டாயம் உண்டு.

கடைக்குப் போகும் முன் நோட்டும் பேனாவும் எடுங்கள். அவசியமானதை மட்டும் எழுதுங்கள். 9 வாட் எல்.இ.டி. பல்பு மூன்று, 5 மணி நேரம் எரிய 135 வாட்-மணி. 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி ஒன்று, இரவில் 8 மணி நேரம் சுழல 240. இரண்டு மொபைல் போன்களுக்கு 30. மொத்தம் 405 வாட்-மணி. அரை யூனிட் கூட இல்லை! பழைய 75 வாட் மின்விசிறியாக இருந்தால், அது ஒன்றே 600 விழுங்கிவிடும். டி.வி.யைச் சேர்க்கவில்லையே என்று முகத்தைத் தூக்காதீர்கள். இது புயல் நாள் கணக்கு!

நம் ஊர் வெயிலில் 200 வாட் பேனல், நல்ல நாளில் சுமார் 800 வாட்-மணி தரும். வழியில் வீணாவது போக, நமக்குத் தாராளம். ஆனால், மழை மேகம் சூழ்ந்தால் கொஞ்சம்தான் கிடைக்கும். அதனால் இரண்டு நாள் தேவையான 810 வாட்-மணியைச் சேமிக்க வேண்டும். சாதாரண ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால், அதன் ஆயுள் குறைந்துவிடும். எனவே, 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி (12 x 150 = 1800 வாட்-மணி) சரியாக இருக்கும்.

பேனலைத் தெற்குப் பார்த்து, லேசாகச் சாய்த்து வைக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் உற்பத்தி வெகுவாகக் குறையும். ரப்பர் குழாயை ஓரிடத்தில் மிதித்தால் தண்ணீர் நிற்குமே, அதுபோல! காலை 9, மதியம் 12, மாலை 3 மணிக்கு மாடியில் விழும் நிழலைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். கோட்டுக்கு வெளியே உள்ள இடம்தான் பேனலுக்கு. டிசம்பரில் மறுபடி கோடு போடுங்கள். அப்போது நிழல் நீளம்.

சரி, காற்றாலை? வெயில் இல்லாத நேரத்திலும் காற்று வீசுமே என்று ஆசையாகத்தான் இருக்கும். ஆனால், காற்றின் வேகம் பாதியானால் அதன் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். 2 மீட்டர் விட்டமுள்ள சின்னக் காற்றாலை, வினாடிக்கு 6 மீட்டர் காற்றில் சுமார் 120 வாட் தரும். 3 மீட்டர் காற்றில் 15 வாட் தந்தாலே பெரிது! கணவாய்க் காற்று வீசும் ஆரல்வாய்மொழி போன்ற இடம் என்றால் சரி. வீடுகள் நெருங்கிய தெருவில் காற்று சிதறிவிடும்.

உங்கள் வீட்டில் எப்படி? மரத்தைப் பாருங்கள். இலைகள் மட்டும் சலசலத்தால் காற்று 2, 3 மீட்டர் வேகம். புழுதியும் காகிதமும் பறந்து, சிறு கிளைகள் ஆடினால் 6, 7 மீட்டர். தினமும் மூன்று வேளை பார்த்து, ஒரு மாதம் நோட்டில் குறியுங்கள். 'இலை மட்டும்' என்றே பக்கம் நிறைந்தால், காற்றாலைப் பணத்தில் இன்னொரு பேனல் வாங்கச் சொல்லுங்கள். கிளை ஆடும் ஊர் என்றால், கம்பத்தைச் சாய்த்து இறக்கும்படி அமைக்கச் சொல்லுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் பெரியவர்கள் காற்றாலையைத் தரையில் இறக்கிக் கட்டிவிடலாம்.