காதால் தேடும் திமிங்கிலம்

அம்பர்கிரீஸ் கடத்தியவர்கள் பிடிபட்டதாக நம் கடலோர மாவட்டச் செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். அதைக் குடலில் உண்டாக்கும் ஸ்பெர்ம் திமிங்கிலத்தைப் பற்றி நாம் படிப்பது குறைவு. ஆழ்கடல்வாசியான அதைக் கரைக்கு அருகிலேயே பார்க்கக்கூடிய அபூர்வமான ஊர், நியூசிலாந்துத் தெற்குத் தீவின் கைக்கோரா.

காரணம் கடலடியில் இருக்கிறது. அங்கே கரையை விட்டுச் சில கிலோமீட்டர் போவதற்குள் ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஆழமான பள்ளத்தாக்கு வந்துவிடுகிறது. கணவாயும் மீனும் தேடி ஆண் திமிங்கிலங்கள் ஆண்டு முழுவதும் வருகின்றன. பெண் திமிங்கிலங்களும் குட்டிகளும் பெரும்பாலும் வெதுவெதுப்பான கடல்களிலேயே தங்கிவிடும்.

அந்த ஆழத்தில் ஒரே இருட்டு. ஒலிதான் வழிகாட்டி. இந்த விலங்கின் உடல் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தலை. தலையில் பெரும்பகுதி மூக்கு. மூக்கு நுனியருகே உதடு போன்ற மடிப்புகளுக்கிடையே காற்று பாயும்போது 'டிக்' என்று ஓர் ஒலி பிறக்கும். அது மெழுகெண்ணெய் நிறைந்த உறுப்பின் வழியாகப் பின்னால் போய், மண்டையோட்டை ஒட்டிய காற்றுப்பையில் பட்டுத் திரும்பி, குவிந்து முன்னே பாயும். விலங்குகள் எழுப்பும் ஒலிகளில் இதைவிட உரத்தது வேறில்லை. தேடும்போது வினாடிக்கு ஒன்றிரண்டு டிக். இரை நெருங்க நெருங்க அவை நெருக்கமாகி, எண்ணெய் காணாத கதவின் கிறீச்சொலி ஆகிவிடும். திரும்பி வரும் எதிரொலி, இரை எங்கே என்று சொல்லிவிடுகிறது.

திமிங்கிலம் காட்ட அழைத்துச் செல்லும் படகுக்காரர்களும் அதே ஒலியைத்தான் நம்புகிறார்கள். நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி, டிக் வலுவாகக் கேட்கும் திசையில் நகர்கிறார்கள். டிக் நின்றதா? திமிங்கிலம் மேலே வருகிறது என்று பொருள். முக்கால் மணி நேரம் முழுகிக் கிடந்துவிட்டு, பத்து நிமிடம்போல் மேலே மிதந்து மூச்சு வாங்கும். ஊதுதுளை தலையின் இடப்பக்க நுனியில் இருப்பதால் நீர்த்தூவல் சாய்வாகவே எழும்; தொலைவிலிருந்தே இனத்தை அடையாளம் காண அது போதும். பிறகு வாலை உயர்த்தி மீண்டும் ஒரு முழுக்கு.

இதே ஊர் 1840களில் திமிங்கில வேட்டைத் தளமாக இருந்தது. நியூசிலாந்தில் அந்த வேட்டை 1964இல்தான் ஓய்ந்தது. 1987இல் உள்ளூர் மாவோரிக் குடும்பங்கள் வீடுகளை அடமானம் வைத்துக் கடன் வாங்கி, திமிங்கிலம் காட்டும் படகுத் தொழிலைத் தொடங்கின. வேலையில்லாமல் வாடிய ஊரை நிமிர்த்தியது அந்தத் துணிச்சல்தான் என்பேன்.

திமிங்கிலத்துக்கு 50 மீட்டருக்குள் படகு நெருங்கக்கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். போக வாய்ப்புள்ளவர்கள் கேமராவைச் சற்று நேரம் கீழே வைத்துவிட்டு, ஒலிவாங்கியில் வரும் அந்த டிக் ஓசையை அவசியம் கேளுங்கள்.