தாடையைப் பூட்டும் ஊசி

கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும் முன் பல் டாக்டர் தாடையின் உட்புறத்தில் ஒரு ஊசி போடுவார். பாதி உதடு மரத்துப்போகும்; சில மணி நேரத்தில் சரியாகிவிடும். ஆனால் பத்து, இருபது லட்சம் பேரில் ஒருவருக்கு அந்த ஊசியே வாயை நிரந்தரமாக மூடிவிடக்கூடும். இந்தியாவின் ஜனத்தொகைக்கு இந்தக் கணக்குப்படி சில நூறு பேராவது இருக்க வேண்டும்.

நோயின் பெயர் வாயில் நுழையாதது: ஃபைப்ரோடிஸ்பிளேசியா ஆசிஃபிகன்ஸ் புரோகிரசிவா. சுருக்கமாக, எஃப்.ஓ.பி. அடிபட்ட தசை மற்றவர்களுக்கு ஆறும், இவர்களுக்கு எலும்பாகிவிடும். ஏசிவிஆர்1 என்ற மரபணுவில் உள்ள மாற்றமே காரணம் என்பதை 2006இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

பற்களை இந்த நோய் நேரடியாகப் பெரிதாகத் தாக்குவதில்லை. தாடைத் தசைகளில்தான் வம்பு. ஊசி குத்திய காயமோ, "இன்னும் கொஞ்சம் திறங்க" என்று டாக்டர் வாயை அகட்டுவதோ போதும், தசை எலும்பாகி இரு தாடைகளும் பூட்டிக்கொள்ளலாம். எலும்பை அறுத்து எடுத்தால் அந்தக் காயத்திலிருந்தே புது எலும்பு முளைக்கும். பிறகு ஆகாரம் கூழும் கஞ்சியும்தான். வாந்தி வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போகும் அபாயம். பற்களின் உட்புறத்துக்கு பிரஷ் எட்டாததால் சொத்தை விழும். சொத்தையை அடைக்கவோ வாய் திறக்க வேண்டும்! நாக்கு மட்டும் தப்பிவிடுகிறது.

நோய் முற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள மூட்டர் மியூசியத்தில் சாட்சி இருக்கிறது: ஹாரி ஈஸ்ட்லாக்கின் எலும்புக்கூடு. 1973இல், 40 வயது நிறையச் சில நாட்களே இருந்தபோது அவர் இறந்தார். கடைசியில் அவரால் உதடுகளை மட்டுமே அசைக்க முடிந்தது. தன் உடலை ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

பாலோவரோடீன் என்ற மாத்திரைக்கு 2022இல் கனடாவும் 2023இல் அமெரிக்காவும் அனுமதி அளித்தன. புது எலும்பு வளர்வதை அது ஓரளவு குறைக்கும், வளர்ந்ததைக் கரைக்காது. சிறு குழந்தைகளுக்கு அதைக் கொடுப்பதில்லை. உயரம் வளர்வதே நின்றுபோகலாம்.

ஆக, சொத்தை வராமல் காப்பதுதான் முதல் வைத்தியம்: சின்ன பிரஷ், ஃபுளோரைடு, இனிப்பில் கண்டிப்பு. தவிர்க்க முடியாமல் பல்லில் கைவைத்தால் தசையில் ஊசி கூடாது. மயக்கம் கொடுப்பதானால் மூக்கு வழியாகக் குழாய் செருகத் தெரிந்த நிபுணர் வேண்டும்.

நோயை முன்கூட்டியே கண்டுகொள்ள ஸ்கேன் தேவையில்லை. அநேகமாக எல்லோருக்கும் பிறவியிலேயே கால் கட்டைவிரல்கள் குட்டையாக, உள்நோக்கி வளைந்திருக்கும். அப்படிப்பட்ட குழந்தைக்கு முதுகிலோ கழுத்திலோ திடீர் வீக்கம் வந்தால், சதையைக் கீறிச் சோதிக்கும் முன்பே டாக்டரிடம் அந்த விரல்களைக் காட்டுங்கள்.