மடத்துக்குள்ள என்ன சிரிப்பு?

"ஏட்டி, சிஸ்டர் வாறாவ!"

கன்னியாகுமரி மாவட்டத்துல கான்வென்ட் ஸ்கூல்ல படிச்ச யாருக்கும் இந்த வாக்கியத்துக்கு அர்த்தம் சொல்ல வேண்டாம். அதுவரைக்கும் சந்தை மாதிரி இருந்த கிளாஸ், சிஸ்டர் வாசலுக்கு வர்றதுக்குள்ள பரீட்சை ஹால் ஆயிரும். டெஸ்க்குக்கு அடியில ஓடிட்டு இருந்த முறுக்கு பாக்கெட் எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியாது. முன் பெஞ்சுல ஒருத்தி மட்டும் சிரிப்பை அடக்க முடியாம குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிட்டு இருப்பா. அவ ஷூவுல லேஸே இருக்காது.

கன்னியாஸ்திரிகளையும் ஸ்கூல் பிள்ளைங்களையும் வச்சு எடுத்த காமெடிப் படங்கள் எல்லாம் இந்த ஒரு நொடியில இருந்துதான் பிறக்குது. இந்தக் கட்டுரையில ரெண்டு படங்களை எடுத்துக்கப் போறோம். ஒண்ணு நம்ம ஏ.ஆர்.ரஹ்மான் பாட்டுக்காக எல்லாருக்கும் தெரிஞ்ச 'மின்சார கனவு'. இன்னொண்ணு 1966-ல வந்த 'தி ட்ரபிள் வித் ஏஞ்சல்ஸ்'ங்கிற ஹாலிவுட் படம். ரெண்டும் ஒரே கேள்வியை எடுத்துக்கிட்டு எதிரெதிர் பக்கம் போன படங்கள். அந்தக் கேள்வி நம்ம ஊர்ல இன்னும் முடியாம இருக்கிறதாலதான் இதை எழுதுறேன்.

சிரிப்பு எங்க இருந்து வருது?

காமெடிக்கு முதல்ல ஒரு விதி வேணும். விதி எவ்வளவு கடுமையோ, அதை மீறும்போது சிரிப்பு அவ்வளவு அதிகம். டீக்கடையில ஒருத்தன் சத்தமா ஏப்பம் விட்டா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. அதே ஏப்பம் ஜெபம் நடக்கிற சாப்பல்ல வந்தா? அன்னைக்கு முழுக்க அதான் பேச்சு.

கன்னியர் மடம்னா விதிகளாலேயே கட்டின இடம். மணி அடிச்சா எழும்பணும், மணி அடிச்சா சாப்பிடணும், பேச ஒரு நேரம், பேசாம இருக்க ஒரு நேரம். எல்லாருக்கும் ஒரே உடுப்பு. பின்னாடி இருந்து பார்த்தா எந்த சிஸ்டர்னு தெரியாது. ஆள்மாறாட்டக் காமெடி எழுதுறவங்களுக்கு இதைவிட வசதி கிடைக்குமா? 1992-ல வந்த 'சிஸ்டர் ஆக்ட்' முழுக்க இந்த வசதியிலதான் ஓடுது. கொலையைப் பார்த்துட்ட ஒரு கிளப் பாடகியை (ஹூப்பி கோல்ட்பர்க்) போலீஸ்காரங்க மடத்துல கொண்டுபோய் ஒளிச்சு வைக்கிறாங்க. உடுப்பை மாட்டினதும் அவளும் ஒரு சிஸ்டர்.

ஆனா விதியை மீறுற சிரிப்பு அரை மணி நேரத்துக்குத்தான் தாங்கும். அதுக்குப் பிறகு படம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாகணும்: இந்தப் பெண் ஏன் இங்க இருக்கா? விரும்பி வந்தாளா, இல்லாட்டி வேற வழி இல்லாம வந்தாளா? அந்தப் பதில்லதான் ஒரு படம் சிஸ்டர்களைப் பற்றி உண்மையில என்ன நினைக்குதுன்னு தெரியும்.

மின்சார கனவு: அவளோட முடிவு, மத்தவங்களோட பிரச்சினை

1997 பொங்கலுக்கு வந்த படம். ஒளிப்பதிவாளரா இருந்த ராஜீவ் மேனன் முதல்முதலா இயக்கினது. தயாரிப்பு ஏவிஎம். நாலு தேசிய விருது வாங்குச்சு: இசைக்கு ரஹ்மான், பாட்டுக்கு எஸ்.பி.பாலசுப்ரமணியமும் சித்ராவும், நடன அமைப்புக்கு பிரபுதேவா.

கதை தெரியும்தானே? பிரியா (கஜோல்) கான்வென்ட்ல படிக்கிறா. பணக்கார வீட்டுப் பொண்ணு, சிரிச்ச முகம், நல்ல குரல். அவளுக்கு ஒரே ஒரு ஆசை, கன்னியாஸ்திரி ஆகணும். தாமஸுக்கு (அரவிந்த்சாமி) அவளைக் கல்யாணம் பண்ணணும். அவ மனசை மாத்த தேவாங்கிற சிகையலங்காரக் கலைஞரை (பிரபுதேவா) ஏற்பாடு பண்றான். மாத்த வந்த தேவாவே அவளைக் காதலிச்சிருறான். கடைசியில பிரியா தேவாவைக் கட்டிக்கிறா. தாமஸ் பாதிரியார் ஆயிருறான்.

படம் எனக்குப் பிடிக்கும். சிஸ்டர்களை வில்லிகளா காட்டலை. 'அன்பென்ற மழையிலே' பாட்டுல மடம் அவ்வளவு அழகா இருக்கும். ஆனா கதையோட எஞ்சினைக் கழட்டிப் பாருங்க. பிரியாவோட ஆசை அந்தக் கதையில ஒரு பழுது. அதைச் சரிசெய்ய ஒரு டெக்னீஷியனை வரவழைக்கிறாங்க. 'நீ ஏன் இதை விரும்புறே?'ன்னு உட்கார்ந்து கேட்கிறதுக்குக் கதையில இடம் ரொம்பக் குறைவு. எப்படி மாத்தலாம்ங்கிறதுலதான் எல்லா சிரிப்பும் இருக்கு.

இதுல வேடிக்கையானது கிளைமாக்ஸ். பிரியா துறவறத்துக்குப் போறேன்னு சொன்னப்போ அது பிரச்சினை. அதே துறவறத்துக்குத் தாமஸ் போனப்போ அது தியாகம். தியேட்டர்ல மரியாதையா பார்க்கிறோம். அவனை மாத்த யாரும் ஆள் அனுப்பலை!

1966: குறும்புக்காரியே உள்ள போன கதை

இப்போ அந்த ஹாலிவுட் படம். இயக்கினது ஐடா லுபினோ. 1950-களின் ஹாலிவுட்ல டைரக்டர் நாற்காலியில உட்கார்ந்த பெண்களை விரல்விட்டு எண்ணிரலாம், அதுல இவங்க ஒருத்தர். தியேட்டருக்காக இவங்க இயக்கின கடைசிப் படம் இதுதான். ஜேன் ட்ராஹி தன்னோட ஸ்கூல் நாட்களை வச்சு எழுதி 1962-ல வெளியிட்ட நாவல்தான் மூலக்கதை.

மேரி (ஹெய்லி மில்ஸ்), ரேச்சல் (ஜூன் ஹார்டிங்) ரெண்டு பேரும் கான்வென்ட் போர்டிங்ல சேருறாங்க. சிஸ்டர்களோட சர்க்கரைக் கிண்ணத்துல சோப்பு நுரைப் பொடியைக் கலக்கிறாங்க. மடத்துல மாணவிகள் நுழையக்கூடாத பகுதிக்கு மத்த பிள்ளைங்களைக் காசு வாங்கிட்டு டூர் கூட்டிட்டுப் போறாங்க. ஒளிஞ்சிருந்து சுருட்டு பிடிக்க, புகையைப் பார்த்துத் தீயணைப்பு வண்டி வந்து நிக்குது. ஒவ்வொரு தடவையும் மதர் சுப்பீரியர் (ரோசலிண்ட் ரஸல்) முன்னாடி போய் நின்னு தண்டனை வாங்குறாங்க.

நடுவுல படம் சத்தமில்லாம திரும்புது. ரேச்சலுக்குத் தைக்கத் தெரியாது. அவ குளறுபடி பண்ணின கவுனை ராத்திரி உட்கார்ந்து சரிபண்ணிக் கொடுக்கிறது மதர். ஒரு காலத்துல ஃபேஷன் டிசைனர் ஆக ஆசைப்பட்டவங்க அவங்க. அதுக்கான திறமையும் இருந்தது. அதை விட்டுட்டு இங்க வந்திருக்காங்க. இன்னொரு இடத்துல, இறந்துபோன ஒரு சிஸ்டரோட சவப்பெட்டி பக்கத்துல யாரும் இல்லைன்னு நினைச்சு மதர் உடைஞ்சு அழுறாங்க. மேரி அதைப் பார்த்துருறா.

இதுக்குப் பிறகு படத்துல மதர் வெறும் சுவர் இல்லை. வேற வாழ்க்கை வாழ முடிஞ்சும் இந்த வாழ்க்கையைத் தேர்ந்தெடுத்த ஒரு பெண். ஸ்கூல் முடியும்போது மேரியே அந்த மடத்துல சேரப்போறதா தெரியவருது. ரேச்சலுக்குக் கோபம் பொத்துக்கிட்டு வருது. பிரெண்டைப் பறிகொடுத்த கோபம். அந்தக் கோபத்தையும் படம் கேலி பண்ணலை, மேரியோட முடிவையும் கேலி பண்ணலை. மேரியைத் திருப்பிக் கூட்டிட்டு வர யாரும் டெக்னீஷியன் அனுப்பலை.

சட்டம் என்ன சொல்லுது?

'சின்ன வயசுல மூளைச்சலவை பண்ணிக் கூட்டிட்டுப் போயிருவாங்க, அப்புறம் வெளிய வரவே முடியாது'ன்னு நம்மள்ல பலர் நம்புறாங்க. நடைமுறை எப்படி இருக்கணும்னு 1983-ல வந்த கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்புல தெளிவா இருக்கு.

நவதுறவு, அதாவது பயிற்சிக் காலம்: 17 வயசு முடிஞ்சாத்தான் சேர முடியும். குறைஞ்சது 12 மாசம். இந்தக் காலத்துல எப்போ வேணும்னாலும் கிளம்பிரலாம்.

முதல் வார்த்தைப்பாடு: குறைஞ்சது 18 வயசு. இது தற்காலிகமானது. பொதுவா 3 வருஷத்துல இருந்து 6 வருஷம் வரைக்கும். காலம் முடிஞ்சதும் தொடர விருப்பம் இல்லைன்னா போயிரலாம்.

நித்திய வார்த்தைப்பாடு: குறைஞ்சது 21 வயசு முடிஞ்சிருக்கணும். அதுக்கு முன்னாடி 3 வருஷமாவது தற்காலிக வார்த்தைப்பாட்டுல இருந்திருக்கணும்.

கட்டாயப்படுத்தியோ, பயமுறுத்தியோ, ஏமாத்தியோ வாங்கின வார்த்தைப்பாடு செல்லவே செல்லாது.

இதை நம்ம கதையோட ஒப்பிட்டுப் பாருங்க மக்கா. 17 வயசுல கவுன்சிலிங். ஸ்க்ரீன்ல பிராஞ்ச் பேரு வருது, அப்பா தோளுக்குப் பின்னாடி இருந்து 'அதை அமுக்கு'ங்கிறாரு, அமுக்கியாச்சு. அதுக்கப்புறம் நாலு வருஷத்துல யாராவது நம்மகிட்ட 'உனக்கு இது உண்மையிலேயே வேணுமா? யோசிச்சுச் சொல்லு'ன்னு ஒரு தடவையாவது கேட்டாங்களா? சிஸ்டர் ஆகப்போறவங்ககிட்ட ஒவ்வொரு கட்டத்துலயும் அதைக் கேட்கணும். எல்லா இடத்துலயும் சட்டத்துல உள்ளபடியேதான் நடக்குதுன்னு நான் சொல்ல வரலை. வெளிய வர்ற பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும்ங்கிறதும் ஒரு பெரிய பூட்டுதான். ஆனா யோசிக்க நேரம் வேணும்னு எழுதியாவது வச்சிருக்காங்க.

முளகுமூட்டுக்கு வந்த ரெண்டு பேர்

நம்ம மாவட்டத்துல இந்தக் கதைக்கு ஒரு பழைய வேர் இருக்கு. 1897 நவம்பர்ல பெல்ஜியத்துல இருந்து ரெண்டு கன்னியாஸ்திரிகள் முளகுமூட்டுக்கு வந்தாங்க. மரி லூயிஸ் தெ மேஸ்டர், உர்சுலா. அப்போ இது திருவிதாங்கூர் சமஸ்தானம். மரி லூயிஸுக்கு 40 வயசு. ஈப்பர் நகரத்துல ஒரு மடத்துல அவங்க ஏற்கெனவே சிஸ்டர்தான். அங்கேயே அமைதியா வாழ்ந்து முடிச்சிருக்கலாம். கப்பல் ஏறி, பாஷை தெரியாத ஊருக்கு, அநாதைப் பிள்ளைங்களைப் பார்த்துக்க வந்தாங்க. பிள்ளைங்களுக்குப் படிப்போட லேஸ் பின்னல், எம்ப்ராய்டரி வேலையும் சொல்லிக் கொடுத்தாங்க. அந்தக் கைவேலைக்கு முளகுமூடு பேர் வாங்குச்சு.

இங்க தொடங்கின அந்தச் சபை பிறகு பிலிப்பைன்ஸ் உட்பட பல நாடுகளுக்குப் போச்சு. இன்னைக்கு ஐ.சி.எம். சபைன்னு சொல்றாங்க. உலகம் முழுக்கப் பரவின ஒரு சபையோட பிறந்த ஊர், தக்கலை பக்கத்துல இருக்கிற நம்ம முளகுமூடு.

நாகர்கோவில்ல 1965-ல தொடங்கின ஹோலி கிராஸ் கல்லூரியையும் நடத்துறது சிஸ்டர்கள்தான். அப்போ ஊர்ல எத்தனை ஆபீஸ்ல ஒரு பெண் தலைமை நாற்காலியில உட்கார்ந்திருப்பா? மடத்துப் பள்ளிக்கூடத்துல பிரின்சிபல், வார்டன், கணக்கு வழக்கு பார்க்கிறது, கட்டடம் கட்டுற கான்ட்ராக்டர்கிட்ட சண்டை போடுறது, எல்லாம் பெண்கள். 2011 கணக்கெடுப்புல 91.75 சதவீதத்தோட தமிழ்நாட்டிலேயே கல்வியறிவுல முதல் மாவட்டம் நம்மது. அந்தக் கணக்குக்குப் பின்னாடி பல கைகள் இருக்கு. இந்தக் கைகளும் அதுல உண்டு.

இப்போ எதுக்கு இது?

என்கூட பிளஸ் டூ படிச்ச ஒருத்தி மடத்துல சேர்ந்தா. எங்க செட்டுல பிசிக்ஸ் சந்தேகம்னா அவகிட்டதான் போவோம். டீச்சர் மாதிரி நடிச்சுக் காட்டுறதுலயும் அவதான் முதல். அவ போன சேதி தெரிஞ்சதும் கேள்விகள் வரிசையா வந்துச்சு. 'வீட்டுல எதுவும் கஷ்டமா?' 'லவ் ஃபெயிலியரா?' 'இவ்வளவு மார்க் எடுத்துட்டு எதுக்கு?' 'தாயும் தகப்பனும் எப்படி விட்டாவ?' கேட்டவங்கள்ல அவ ஜாதி, மதத்துக்காரங்களும் உண்டு, மத்தவங்களும் உண்டு. எல்லாருமே அவளை விரும்புறவங்கதான்.

ஒரு கேள்வி மட்டும் யாரும் கேட்கலை: 'உனக்கு அதுல என்ன பிடிச்சிருக்கு?'

அதே வருஷம் ஐ.டி. வேலைன்னு சொல்லிப் பெங்களூரு கிளம்பின அண்ணன்மார் எத்தனையோ பேர். 'உனக்கு லவ் ஃபெயிலியரா?'ன்னு அவங்ககிட்ட யாரும் கேட்கலை. ஒரு பெண் நாம எதிர்பார்க்கிற ரெண்டு மூணு வழியை விட்டுட்டு வேற வழியில போனா, அவளுக்கு ஏதோ அடிபட்டிருக்குன்னு நாமளே கதை எழுதிருறோம். துறவறம்னு இல்லை. 'கல்யாணம் வேண்டாம்'னாலும், 'மெக்கானிக்கல் எடுக்கிறேன்'னாலும், 'ஒர்க்‌ஷாப் வைக்கிறேன்'னாலும் இதேதான். உடனே ஒரு தேவாவைத் தேட ஆரம்பிச்சிருறோம்.

'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' (1965) படத்துல மரியா காதலுக்குப் பயந்து மடத்துக்கு ஓடி வருவா. மடத்துத் தலைவி அவளைத் திருப்பி அனுப்பிருவாங்க. ஒளிஞ்சுக்கிறதுக்கான இடம் இது இல்லைங்கிறது அவங்க வாதம். அதே நியாயப்படி, ஒளிஞ்சுக்க வராம, தெரிஞ்சே வர்றவளை ஒளிஞ்சுக்க வந்தவ மாதிரி நடத்துறதும் தப்புதானே?

என் பிரெண்டு இப்போ முதல் வார்த்தைப்பாடு எடுத்தாச்சு. தொடரலாம், திரும்பியும் வரலாம். ரெண்டுல எது நடந்தாலும் அது அவளோட முடிவு. லீவுல பார்த்தப்போ அவளோட மதர் மாதிரி நடந்து காட்டினா. வயிறு வலிக்கச் சிரிச்சோம். 'சத்தம் போடாத ட்டி, கேட்டிரப் போறாவ'ன்னு அவளே வாயைப் பொத்தினா.