குத்தகைக்குப் போன பின்னூட்டங்கள்

டிஸ்கஸ் போன்ற வெளியார் கருத்துப் பெட்டி வைத்திருக்கும் ஏதாவது ஒரு தளத்தைக் கணினியில் திறந்துகொள்ளுங்கள். அடியில் வாசகர் ஒருவர் எழுதியிருக்கும் வாக்கியத்தை நகலெடுங்கள். பிறகு வலது கிளிக் செய்து, ‘வியூ பேஜ் சோர்ஸ்’ கொடுத்து, வருகிற நிரல் காட்டில் அந்த வாக்கியத்தைத் தேடுங்கள். கிடைக்காது. தலைப்பு இருக்கும், கட்டுரை வரிக்கு வரி இருக்கும், விளம்பரத்துக்கான சங்கதிகள் எல்லாம் இருக்கும். கருத்துகள் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு காலி ‘டிவ்’. பக்கத்திலேயே, எங்கோ இருக்கும் சர்வரிலிருந்து எதையோ இழுத்து வரச் சொல்லும் சில வரி ஜாவாஸ்கிரிப்ட். திரையில் நாற்பது பேர் கட்டிப்புரண்டு சண்டை போட்டிருப்பார்கள். பக்கத்தின் மூலத்தில் அதற்கு ஒரு சுவடும் இராது.

கூகுளின் ரோபோ ஒரு பக்கத்துக்கு வந்ததும் முதலில் கையில் எடுப்பது இந்த மூலத்தைத்தான். ஸ்கிரிப்டை ஓட்டி, நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பக்கத்தைக் கட்டிப் பார்ப்பது அடுத்த கட்டம். அதற்குத் தனி வரிசை உண்டு. ஒரு காலத்தில் இந்த அடுத்த கட்டமே இல்லை. 2011 நவம்பரில்தான் கூகுளின் மாட் கட்ஸ், சில தளங்களில் ஸ்கிரிப்ட் வழியே வரும் கருத்துகளையும் எங்கள் ரோபோ படிக்கத் தொடங்கிவிட்டது என்று ட்விட்டரில் சொன்னார். 2014 மே மாதம், பக்கங்களை முழுதாகக் கட்டிப் பார்ப்பதாகவே நிறுவனம் அறிவித்தது. 2019-லிருந்து அந்த ரோபோவுக்குள் ஓடும் குரோம், நாம் வைத்திருக்கும் குரோமோடு சேர்ந்தே புதுப்பிக்கப்படுகிறது.

ஆகவே ‘வெளியார் கருத்துப் பெட்டியை கூகுளால் படிக்கவே முடியாது’ என்று இன்றும் எஸ்.இ.ஓ. வகுப்பெடுப்பவர்கள் பத்து வருடம் பின்தங்கி இருக்கிறார்கள். படிக்க முடியும். ஆனால் படிக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. ரோபோ எதையும் கிளிக் செய்யாது. நம்மைப் போல ஸ்க்ரோல் செய்து கீழே போவதும் இல்லை. பக்கம் வேகமாகத் திறக்கட்டும் என்று ‘கருத்துகளைக் காண இங்கே சொடுக்கவும்’ என ஒரு பொத்தான் வைத்துவிட்டால், அதன் பின்னால் இருப்பது ரோபோவுக்குத் தெரியப்போவதில்லை. பெட்டி ஐஃப்ரேமுக்குள் இருந்தால் இன்னொரு சிக்கல். உள்ளே இருக்கும் எழுத்து உண்மையில் வேறொரு முகவரியின் சொத்து. அதை உங்கள் பக்கத்துக் கணக்கில் சேர்ப்பதா, அந்த முகவரியின் கணக்கில் வைப்பதா என்பது தேடுபொறி எடுக்கும் முடிவு. கூகுள் தவிர்த்த மற்றவர்கள் எல்லோரும் இந்த அளவுக்கு மெனக்கெடுவதில்லை. இப்போது கூட்டம் கூட்டமாக வந்துபோகும் ஏ.ஐ. நிறுவனங்களின் ரோபோக்களில் பல, ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்ப்பதே கிடையாது.

இதெல்லாம் ஃபேஸ்புக்குக்கும் தெரிந்துதான் இருந்தது. அதன் கருத்துப் பெட்டிக்கான தொழில்நுட்பக் குறிப்பிலேயே, தேடலில் பலன் வேண்டுமானால் எங்கள் கிராஃப் ஏ.பி.ஐ. மூலம் கருத்துகளை எடுத்து, உங்கள் பக்கத்தின் உடம்பிலேயே, பெட்டிக்குப் பின்னால் எழுதிவையுங்கள் என்று ஒரு பதில் இருந்தது. பெட்டியை ஒட்டிய பெரும்பாலானோர் அதுவரை படித்திருக்க மாட்டார்கள். இரண்டு வரியை ஒட்டினால் வேலை முடிந்தது என்பதுதானே அந்தப் பெட்டியின் கவர்ச்சியே!

இன்னொரு நம்பிக்கையையும் இங்கேயே தள்ளிவிடலாம். ஃபேஸ்புக்கில் ஐந்நூறு கமென்ட், ஆயிரம் லைக் விழுந்தால் கூகுளில் மேலே ஏறிவிடலாம் என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். லைக் எண்ணிக்கையையோ பின்தொடர்வோர் எண்ணிக்கையையோ தரவரிசைக்கு எடுத்துக்கொள்வதில்லை என்று 2014 ஜனவரியில் கட்ஸ் வீடியோ போட்டே சொன்னார். பலர் பகிர்ந்து, அதைப் பார்த்த சிலர் தங்கள் தளத்திலிருந்து இணைப்புக் கொடுத்தால் பலன் உண்டு. அது அந்த இணைப்பால் வந்தது.

அப்படியானால் சொந்தமாக இருந்த பின்னூட்டத்தை ஏன் எல்லோரும் வெளியாருக்குத் தூக்கிக் கொடுத்தார்கள்? அதற்குக் காரணமே தேடல்தான். லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998-இல் கொண்டுவந்த பேஜ்ரேங்க், ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர், எப்பேர்ப்பட்டவர்கள் இணைப்புக் கொடுக்கிறார்கள் என்று பார்த்து அதன் மதிப்பைக் கணக்கிட்டது. இணைப்புக்கு விலை வந்ததும், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்து கிடந்த பின்னூட்டப் பெட்டிகள் மேல் ஸ்பேம்காரர்கள் விழுந்தார்கள். மருந்து, சூதாட்டம், கடன் என்று ராத்திரியோடு ராத்திரியாக நூற்றுக்கணக்கில். 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்.எஸ்.என். மூன்றும் சேர்ந்து ‘நோஃபாலோ’ என்ற அடையாளத்தை அறிமுகப்படுத்தின: பின்னூட்டத்தில் வரும் இணைப்புக்கு அந்த முத்திரை குத்திவிட்டால், அதற்குத் தேடலில் மதிப்பு கிடையாது.

ஸ்பேம் நின்றதா? நிற்கவில்லை. அனுப்பியவை மனிதர்கள் இல்லையே, நிரல்கள். முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதற்குக்கூட அவற்றுக்கு நேரமில்லை. அதே ஆண்டு வேர்ட்பிரஸ்காரர்கள் அகிஸ்மெட் என்ற வடிகட்டியைக் கொண்டுவந்தார்கள். அது ஓரளவு காப்பாற்றியது. 2019 செப்டம்பரில் வாசகர் எழுதும் பகுதியில் வரும் இணைப்புகளுக்கென்றே ‘யு.ஜி.சி.’ என்று தனி முத்திரையும் வந்தது. நோஃபாலோவைக் கண்டிப்பான கட்டளையாக எடுத்துக்கொள்ளாமல் வெறும் குறிப்பாக எடுத்துக்கொள்வோம் என்றும் கூகுள் அப்போது மாற்றிக்கொண்டது.

தினமும் ஸ்பேம் அள்ளிக் களைத்துப்போனவர்களின் வாசலில்தான் 2007-இல் டிஸ்கஸ் வந்து நின்றது. வடிகட்டுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், லாகின் தொல்லை இல்லை, எல்லாம் இலவசம். 2011 மார்ச்சில் ஃபேஸ்புக் தன் பெட்டியைப் புதுப்பித்து இறக்கியது: சொந்தப் பெயரில் எழுதுவதால் வசவு குறையும் என்றது. தொழில்நுட்பச் செய்தித் தளமான டெக்கிரஞ்ச் உடனே மாறியது. வசவு குறைந்தது, கூடவே நல்ல விவாதமும் குறைந்தது. 2013 ஜனவரியில், பழைய ஆட்கள் திரும்பி வரட்டும் என்று வெளிப்படையாகவே எழுதி, வேறு நிறுவனத்தின் பெட்டிக்குத் தாவினார்கள். சிலர் கதவையே சாத்தினார்கள். அமெரிக்காவின் என்.பி.ஆர். வானொலி 2016 ஆகஸ்டில் கருத்துப் பகுதியை மூடியபோது சொன்ன கணக்கு: ஒரு மாதத்தில் தளத்துக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 3.3 கோடி, விழுந்த கருத்துகள் 4,91,000, எழுதியவர்கள் 19,400 பேர் மட்டும்.

தமிழ் வலைப்பூக்காரர்களுக்கு இந்தக் குத்தகைக் கதை இன்னும் பழசு. பிளாகரில் சொந்தப் பின்னூட்ட வசதி வந்தது 2004 மே மாதம். அதற்கு முன்பு எழுத வந்தவர்கள் ஹாலோஸ்கேன் போன்ற வெளியார் கருவிகளைத்தான் ஒட்டிக்கொண்டார்கள். பின்னூட்டம் தனிச் சன்னலில் எகிறித் திறக்கும்; பதிவின் பக்கத்தில் ஓர் எழுத்தும் வராது. ஹாலோஸ்கேன் 2008-இல் கைமாறியது; வாங்கியவர்கள் அதைச் சந்தா கட்டும் சேவையாக்கினார்கள். சந்தாவும் கட்டாமல் பிரதியும் எடுத்துக்கொள்ளாமல் விட்டவர்களின் பின்னூட்டம் போனது போனதுதான்.

பிறகு வந்தது தமிழ்மணம் திரட்டியின் பொற்காலம். ‘மீ த பர்ஸ்ட்டு’ போட ஓர் ஆள், கும்மியடிக்க ஒரு கூட்டம், போன வாரம் நீ போட்டாய் இந்த வாரம் நான் போடுகிறேன் என்று மொய்ப் பின்னூட்டம், சந்தில் சிந்து பாடும் அனானி. முக்கால்வாசி வெட்டி அரட்டை என்று அப்போதே திட்டியவர்கள் உண்டு. இருக்கட்டும். பிளாகரின் சொந்தப் பெட்டியில் அடிக்கப்பட்ட கும்மி, அந்த வலைப்பூ உயிரோடு இருக்கும்வரை பதிவின் கீழேயே கிடக்கிறது. 2013 ஏப்ரலில் கூகுள் பிளஸ் பின்னூட்டம் என்று ஒன்றை பிளாகரிலேயே கொண்டுவந்தார்கள். நவீனமாக இருக்கிறதே என்று மாறியவர்களின் கதைதான் பரிதாபம். கூகுள் பிளஸை மூடும் முடிவு வந்ததும், 2019 பிப்ரவரியில் அந்தப் பின்னூட்டங்கள் பிளாகரிலிருந்து கழன்றன. ஏப்ரல் 2 முதல் ஒட்டுமொத்தமாக அழிக்கப்பட்டன. பிளாகரும் கூகுளுடையது, பிளஸ்ஸும் கூகுளுடையது, தேடுபொறியும் கூகுளுடையது. அப்படியிருந்தும் ஒரு வரி மிஞ்சவில்லை.

இப்படிப் போகிறபோது தேடலில் என்ன நஷ்டம் என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. இணைப்பு, தரவரிசை என்று பேசுகிறவர்கள் வார்த்தைகளை மறந்துவிடுகிறார்கள். ‘பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கும் முறை’ என்று ஒரு கட்டுரை இருப்பதாக வையுங்கள். எழுதியவர் முறையாக எழுதியிருப்பார்: உட்பிரிவு, நில அளவர், வாரிசுச் சான்றிதழ், கிராம நிர்வாக அலுவலர். கீழே வந்து கேட்கிறவர் அப்படிக் கேட்க மாட்டார். ‘சார், கூட்டுப் பட்டாவைத் தனிப் பட்டாவா மாத்தணும், சித்தப்பா கையெழுத்துப் போட மாட்டேங்கறார்’ என்பார் ஒருவர். ‘தாத்தா பேர்லயே இருக்கு, டெத் சர்ட்டிபிகேட் தொலைஞ்சுபோச்சு’ என்பார் இன்னொருவர். ‘சர்வேயர் வந்து அளந்துட்டுப் போயி ஆறு மாசமாச்சு’ என்று மூன்றாமவர். தொல்லை வந்தவர் இரவு பதினொரு மணிக்குப் போனை எடுத்து கூகுளில் அடிப்பது இந்த வார்த்தைகளைத்தான். கட்டுரையில் இல்லாத ‘சித்தப்பா கையெழுத்து’ பின்னூட்டத்தில் இருப்பதால்தான் அந்தப் பக்கம் அவர் கண்ணில் படுகிறது. அதற்குக் கீழே விவரம் தெரிந்த யாராவது பதிலும் சொல்லியிருந்தால், அந்தப் பக்கத்துக்கு அதைவிடப் பெரிய மதிப்பு எதுவும் இல்லை.

தமிழில் இது இன்னும் கூடுதலாகப் பலிக்கும். எழுதுகிற தமிழுக்கும் கேட்கிற தமிழுக்கும் நடுவே அவ்வளவு தூரம் இருக்கிறது. மின்கட்டணம் என்று எழுதுகிறோம், கரண்ட் பில் என்று தேடுகிறார்கள். ஒரே கட்டுரையில் எல்லா வழக்கையும் திணித்தால் படிக்கச் சகிக்காது. வாசகர்கள் வந்து தங்கள் வாயால் சொல்லிவிட்டால் அந்த வேலை தானாக முடிகிறது. அந்தப் பேச்சைக் கொண்டுபோய் இன்னொருவர் சர்வரில் போட்டுவைப்பது, எனக்கென்னவோ, விளைச்சலை அடுத்தவன் களத்தில் கொட்டுகிற வேலையாகத்தான் படுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பின்னூட்டத்தையும் பக்கத்தின் உள்ளடக்கமாகவே பார்க்கிறோம் என்பது கூகுளின் நிலைப்பாடு. நல்லதைச் சேர்த்துக்கொள்ளும்போது குப்பையையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ளும். கவனிப்பாரற்ற பழைய வலைப்பூக்களின் அடியில் ‘குறைந்த வட்டியில் கடன், வாட்ஸ்அப் செய்யவும்’, ‘கிட்னி தேவை, கோடிகளில் பணம்’ என்று வரிசையாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பத்து வரி நல்ல பதிவு, நாற்பது வரி கிட்னி வியாபாரம். அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று ரோபோ குழம்பினால் அதன் மேல் தப்பில்லை. இந்த ஒரு விஷயத்தில் டிஸ்கஸும் ஃபேஸ்புக்கும் உண்மையிலேயே உதவின.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியார் பெட்டி தனியே வருவதில்லை. ஸ்கிரிப்டுகள், எழுத்துருக்கள், பல சமயம் விளம்பரங்கள் என்று பரிவாரத்தோடு வரும். 2021-லிருந்து பக்கம் திறக்கும் அனுபவத்தையும் கூகுள் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. தொட்டால் 200 மில்லிசெகண்டுக்குள் பக்கம் அசையவேண்டும், படித்துக்கொண்டிருக்கும்போது வரிகள் துள்ளி இடம் மாறக்கூடாது என்று அளவுகோல்கள். தாமதமாக வந்து இடத்தை அடைக்கும் கருத்துப் பெட்டி இரண்டிலும் கைவைக்கக்கூடியது. ஆனாலும் இதன் எடை சிறிது. நல்ல பதில் இருக்கும் பக்கம் இதனால் மட்டும் காணாமல் போய்விடாது.

2025 நவம்பரில், ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் அறிவிப்பு வந்தது: வெளித் தளங்களில் வைக்கும் ஃபேஸ்புக் லைக், கமென்ட் பொத்தான்களை 2026 பிப்ரவரி 10-ஆம் தேதியோடு நிறுத்துகிறோம், தளக்காரர்கள் எதையும் செய்யவேண்டியதில்லை, அவை பூஜ்யத்துக்குப் பூஜ்யம் பிக்சலாகச் சுருங்கிவிடும், பக்கம் உடையாது என்று. பக்கம் உடையாதுதான். கருத்துகளை எடுத்துத் தன் டேட்டாபேஸில் வைத்துக்கொள்ளாதவர் பக்கத்தில் உடைவதற்கு என்ன இருக்கிறது? டிஸ்கஸ் இந்த விஷயத்தில் பரவாயில்லை. எக்ஸ்எம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்ளலாம். வேர்ட்பிரஸில் அதன் இணைப்புக் கருவியை ஓடவிட்டால் சொந்த டேட்டாபேஸிலும் ஒரு பிரதி இறங்கும். இன்றைக்கு டிஸ்கஸ் வைத்திருப்பவர் செய்யவேண்டிய முதல் வேலை அந்தப் பிரதியை எடுத்துவைப்பது. டிஸ்கஸை விட்டுப் போவதா இருப்பதா என்பதைப் பிறகு யோசிக்கலாம்.

சின்னத் தளம் நடத்துகிறவர்களுக்குச் சொந்தப் பெட்டி போதும் என்பது என் கட்சி. முதல்முறை எழுதுகிறவர் பின்னூட்டத்தைப் பார்த்து அனுமதிப்பது, இணைப்பு இரண்டுக்கு மேல் இருந்தால் நிறுத்திவைப்பது, ஒரு வடிகட்டி, தினம் கால் மணி நேரம் உட்கார ஓர் ஆள். அந்த ஆள்தான் கஷ்டம்; மற்றதெல்லாம் அமைப்புகளில் இருக்கிறது. அதே அமைப்புகளில் பழைய பதிவுகளுக்குக் கருத்தை மூடும் வசதியும் ஒன்று இருக்கும். வேர்ட்பிரஸில் 14 நாள் என்று அதுவே போட்டுவைத்திருக்கும். அரசியல் பதிவுகளுக்கு அதை டிக் செய்துகொள்ளுங்கள், தலைவலி குறையும். பட்டா பக்கத்துக்கு வேண்டாம். சித்தப்பா கையெழுத்துப் போடாத அடுத்த ஆள் மூன்று வருஷம் கழித்தும் வருவார்.